நீல ட்யூபைத் திறக்காமல் ஒரு நீலகிரி

மலையை வரைய உட்கார்ந்தால் கை தானாக அல்ட்ராமரைன் நீலத்தைத் தேடும். தூரத்து மலைக்கு நீலம், அதற்கும் பின்னால் இருக்கும் மலைக்கு வெள்ளை கலந்த நீலம், வானத்துக்கு இன்னொரு நீலம். இப்படி வரைந்த படங்கள் பார்க்க இதமாக இருக்கும், சுவரில் மாட்டினால் வீட்டுக்கே ஓர் அமைதி வரும். ஆனால் மலை எப்போதும் அமைதியாகவா இருக்கிறது? ஐப்பசியில் மழை இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கோத்தகிரிப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்து மலைக்கு அமைதி என்ற சொல் பொருந்தவே பொருந்தாது.

அந்த நேரத்தை 30க்கு 24 அங்குல கேன்வாஸில் ஆயில் பெயின்டில் வரைந்து முடித்திருக்கிறேன். கறுப்பு, வெள்ளை, காவி மஞ்சள், சிவப்பு என்று நான்கு ட்யூப் மட்டும். நீலம் ஒரு துளிகூடக் கிடையாது. ஆனாலும் படத்தைப் பார்க்கிறவர்கள் வானத்தை நீலம் என்றே சொல்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, எதை எதோடு எந்த வரிசையில் கலந்தேன் என்பதையெல்லாம் கை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இடமும் பொழுதும்

கோத்தகிரியிலிருந்து கிழக்கே போனால் கோடநாடு காட்சிமுனை. நீலகிரிப் பீடபூமி அங்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அதற்குள் தெங்குமரஹாடா, அதற்கப்பால் சமவெளி. ஒரு பக்கம் ரங்கசாமி மலை. அதையொட்டித் தனியாக எழுந்து நிற்கிறது ஒரு பாறைத் தூண். ரங்கசாமி தூண் என்றுதான் சொல்வார்கள்.

இந்த இடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கூடலூர், பந்தலூர் மாதிரி மேற்குப் பக்கத்து ஊர்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெருமழை. கிழக்கு விளிம்பில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழை முக்கியம். அந்த மேகம் சமவெளிப் பக்கமிருந்து ஏறி வரும். சாயங்காலம் நாலு மணி வாக்கில் கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வரும்போது மேற்கே சூரியன் இன்னும் இருக்கும். மேகத்துக்கு அடியில் சாய்ந்து வரும் அந்த வெயில் நேராகப் பாறையில் போய் விழும். கறுத்த வானத்துக்கு முன்னால் பாறை மட்டும் எரிவதாகத் தெரியும். சில நிமிடம்தான், அதற்குள் மேகம் மேற்கையும் மூடிவிடும்.

சாதாரணமாக நிலக்காட்சியில் வானம்தான் எல்லாவற்றையும் விட வெளிச்சமான பகுதி. இங்கே அது தலைகீழ். வானம் மலையைவிட இருட்டு. படத்தின் உணர்வில் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே வந்துவிடுகிறது, நிறத்தைப் பற்றி இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்காத நிலையிலும்.

நம் திணை மரபில் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தேதான் முதற்பொருள் என்றார்கள். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும், நான் வரைய நினைத்த அதே மாதங்கள். உரிப்பொருளோ, அதாவது அந்தத் திணைக்குரிய உணர்வோ, புணர்தல். குளிரும் இருளும் மழையும் சூழ்ந்த காலத்தைப் பிரிவுக்குக் கொடுக்காமல் கூடலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய வழிகாட்டியாக இருந்தது. மழைமேகம் என்றாலே சோகம் அல்லது பயம் என்று வரைந்துவிடலாம், அது சுலபமான வழி. இந்த மலைக்கு நான் தேடியது வேறு. "சுற்றிலும் குளிர், நடுவில் ஒரு சூடு" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கேன்வாஸை நிறுத்தும் சட்டத்தின் (ஈசல்) மேல் ஒட்டிவிட்டேன். அதற்கப்புறம் எந்த நிறத்தைக் கலந்தாலும் அந்த வரியோடு ஒத்துப் பார்த்துத்தான் கேன்வாஸுக்குக் கொண்டுபோனேன்.

மலை ஏன் நீலமாகிறது, எப்போது ஆவதில்லை

கலப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று, சூரிய ஒளியின் நீலப் பகுதியை மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது. இருண்ட மலைச்சரிவுக்கு முன்னால் அந்த நீல ஒளி திரையாக விழுந்து கிடக்கிறது. நிழலில் இருக்கும் தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். வெளிச்சம் பட்ட பாறைக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். பாறையிலிருந்து நம் கண்ணை நோக்கி வரும் ஒளியில் நீலம் வழியிலேயே சிதறிப்போய், மிச்சம் மஞ்சளும் சிவப்பும் கூடுதலாக வந்து சேர்கிறது. சாயங்கால வெயில் ஏற்கனவே காற்றில் நெடுந்தூரம் கடந்து சிவந்து வருவது என்பதால் இந்த விளைவு இன்னும் கூடுகிறது. மூடுபனியின் கதை தனி. அதன் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால் அது வெள்ளையாகவோ சாம்பலாகவோதான் தெரியும்.

ஆக, "தூரம் என்றால் நீலம்" என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மை. தூரத்தில் இருண்டவை குளிரும், வெளிச்சமானவை சூடேறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தெரிந்தால் மலைக்கு ஆழமும் வரும், உணர்வும் வரும்.

மலையின் நீலத்தை முழுசாக நம்பி வரைந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் நிக்கலாய் ரோரிக். ரஷ்யாவில் 1874-இல் பிறந்து, குலு பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறி, 1947-இல் அங்கேயே மறைந்தவர். முட்டைக்கரு, பசை போன்றவற்றில் குழைத்த டெம்பரா பெயின்டில் அவர் வரைந்த இமயமலைகளில் நீலமும் ஊதாவும் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும். தியானத்தில் உட்கார்ந்த மலைகள் அவை. எதிர்ப்பக்கத்தில் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830களின் தொடக்கத்தில் மரக்கட்டை அச்சில் செய்த சிவப்பு ஃபூஜி. நீல வானத்துக்கு முன்னால் மலை செங்காவியாக நிற்கிறது. நான் போக வேண்டிய திசை இரண்டாவதுதான் என்பதில் சந்தேகம் வரவில்லை. மலை சூடு, வானம் குளிர்.

நான்கு ட்யூப்கள்

ஆண்டர்ஸ் சோர்ன் ஸ்வீடன்காரர், 1860-இல் பிறந்து 1920-இல் மறைந்தவர். பெரும்பாலும் மனிதர்களைத்தான் வரைந்தார். 1896-இல் வரைந்த தன்னுருவப் படத்தில் அவர் கையில் இருக்கும் பேலட்டில் மிகக் கொஞ்சம் நிறங்களே தெரியும்: வெள்ளை, காவி மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு. எல்லாப் படத்தையும் அவர் இந்த நான்கை மட்டும் வைத்து வரையவில்லை, தேவைப்பட்டபோது நீலமும் பச்சையும் எடுத்திருக்கிறார். ஆனாலும் இந்த நான்கு நிறக் கூட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. முகங்களுக்கு என்று பேர்போன கூட்டு இது. கறுத்த வானமும் செம்பாறையும் உள்ள காட்சிக்கும் இது அளவெடுத்த மாதிரி பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

நான் எடுத்தவை: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர் (காவி மஞ்சள்), காட்மியம் ரெட் லைட், ஐவரி பிளாக். வெர்மிலியன் பாதரசச் சேர்மம் என்பதால் இப்போது பெரும்பாலும் அதற்குப் பதில் காட்மியம் ரெட்தான். அதுவும் விஷமில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. காய்ந்த பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளாக்கவே கூடாது. ஐவரி பிளாக் என்ற பெயரில் இன்று வருவது எலும்பைக் கருக்கிச் செய்தது. இதை வெள்ளையோடு கலந்தால் வரும் சாம்பலில் ஒரு குளிர்ச்சி உண்டு. மார்ஸ் பிளாக் என்ற இன்னொரு கறுப்பில் இந்தக் குளிர்ச்சி குறைவு. கடையில் வாங்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனித்து வாங்குங்கள், மொத்தப் படமும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஐவரி பிளாக்கிடம் ஒரு குணம் உண்டு. எண்ணெயை நிறைய இழுக்கும், மெதுவாகக் காயும். அடியில் தடிமனாகப் பூசி மேலே சீக்கிரம் காயும் நிறத்தைப் போட்டால் நாளடைவில் வெடிக்கும். அடியில் மெலிசு, மேலே போகப் போக எண்ணெய் கூடுதல் என்ற பழைய விதியை இந்தக் கறுப்போடு வேலை செய்யும்போது கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அட்டைச் சோதனை

கேன்வாஸைத் தொடும் முன் ஒரு வேலை. ஒரு தடித்த அட்டையை எடுத்து, இடது பாதியை வெள்ளையாகவே விட்டுவிட்டு, வலது பாதிக்குக் காவி மஞ்சளும் சிவப்பும் கலந்து நல்ல ஆரஞ்சாகப் பூசிக் காயவைத்தேன். பிறகு கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கத்தியால் குழைத்து ஒரு நடுத்தரச் சாம்பல். அதே குவியலிலிருந்து இடது பாதியில் ஒரு தீற்று, வலது பாதியில் ஒரு தீற்று.

இடது பக்கத்தில் அது சிமென்ட் நிறம். வலது பக்கத்தில் மழைமேக நீலம்.

அண்ணன் மகள் கோவையில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். அன்றைக்கு வீட்டில் இருந்தாள். அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, வலது பக்கம் என்ன நீலம் சேர்த்தீங்க?" என்றாள்.

"ஒண்ணும் சேர்க்கலம்மா. ரெண்டும் ஒரே குவியல்தான்."

அவள் நம்பவில்லை. போனில் படம் எடுத்து, நிறத்தை எண்ணாகக் காட்டும் ஆப்பில் இரண்டு தீற்றையும் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வந்தது, இரண்டு பக்கமும் அப்படியே. அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் சின்னதாக இரண்டு ஓட்டை போட்டு, சுற்றியுள்ள ஆரஞ்சை மறைத்து, ஓட்டை வழியாக இரண்டு தீற்றையும் பார்க்கச் சொன்னேன். நீலம் காணாமல் போனது. தாளை எடுத்ததும் திரும்ப வந்தது. ஐந்தாறு தரம் வைத்து வைத்து எடுத்தாள்.

இதைப் பிரான்சில் செவ்ரூல் என்ற வேதியியலாளர் விரிவாக ஆராய்ந்து 1839-இல் வெளியிட்டார். பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று அங்கே புகார் வந்துகொண்டிருந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதைத் தனக்கு எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும். ஆரஞ்சு பக்கத்தில் இருந்தால் சாம்பல் நீலத்தின் பக்கம் போகும். சிவப்பு பக்கத்தில் இருந்தால் நீலப்பச்சையின் பக்கம் போகும்.

எனக்கு இதிலிருந்து கிடைத்த பெரிய விஷயம்: உணர்வு எந்த ஒரு ட்யூபிலும் இல்லை, இரண்டு நிறங்களுக்கு நடுவில் இருக்கும் உறவில் இருக்கிறது. என் வானம் எவ்வளவு குளிரும் என்பதை வானத்தில் பூசும் பெயின்ட் மட்டும் தீர்மானிக்காது, பாறையும் சேர்ந்தே தீர்மானிக்கும்.

தளம்

அட்டை சொன்னதை அப்படியே கேன்வாஸுக்குக் கொண்டுபோனேன். கடையில் வரும் பிரைம் செய்த காட்டன் கேன்வாஸின் மேல் இன்னொரு கோட் ஜெஸ்ஸோ, பெயின்ட் பிடிப்பதற்காக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு. காய்ந்ததும் அக்ரிலிக்கில் யெல்லோ ஆக்கரும் சிவப்பும் தண்ணீராகக் கரைத்து, பழைய துணியால் முழுப் பரப்பிலும் தேய்த்தேன். பழுத்த பப்பாளி நிறம் வரும் வரை. அக்ரிலிக்கின் மேல் ஆயில் போடலாம், ஆயிலின் மேல் அக்ரிலிக் போடவே கூடாது, பிடிக்காமல் உரிந்து வரும்.

இந்த ஆரஞ்சுத் தளம் படம் முடியும் வரை வேலை செய்துகொண்டே இருக்கும். கத்தியால் சாம்பலை இழுக்கும்போது கேன்வாஸ் நெசவின் மேடுகளில் மட்டும் பெயின்ட் ஒட்டும், பள்ளங்களில் தளத்தின் ஆரஞ்சு புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். அந்தப் புள்ளிகள் சாம்பலை நீலமாக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் தளத்தில் இதே சாம்பலைப் பூசியிருந்தால் மொத்த வானமும் சுண்ணாம்படித்த சுவராக நின்றிருக்கும்.

வெளிச்ச வரிசை

பென்சிலில் உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு வெளிச்சத்தை மட்டும் பிரித்துப் பார்த்தேன். கறுப்பு பூஜ்ஜியம், வெள்ளை பத்து என்று வைத்துக்கொண்டால்: முன்சரிவு ஒன்றிலிருந்து இரண்டு. வானத்தின் மேல்பகுதி மூன்று, அடிப்பகுதி நான்கு. தூரத்துச் சமவெளி ஐந்து. பாறையின் வெயில் முகம் ஏழு. எட்டைத் தாண்டி எதுவுமே இல்லை.

இந்த வரிசையை ஒரு தடவை தீர்மானித்துவிட்டால் நிறத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். பாறையை ரோஜா நிறமாக்கினாலும் சரி, பொன்னாக்கினாலும் சரி, வெளிச்சம் ஏழில் நின்றால் அது வெயில் பட்ட பாறையாகத்தான் தெரியும். ஆறேழு நிறங்களை ஒரே சமயத்தில் யோசிக்கிற பாரம் இதனால் இறங்கிவிடுகிறது. வேலை நடக்கும்போது போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி அடிக்கடி பார்த்துக்கொண்டேன். சிவப்பு நிறம் கண்ணுக்குக் காட்டும் பளபளப்பில் அதன் உண்மையான வெளிச்சம் தப்பாகத் தெரியும், கேமரா அதைச் சரியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

வானம்

வானத்தில்தான் ஆரம்பித்தேன். மலையின் விளிம்பு வானத்தோடு சந்திக்கும் இடத்தில்தான் இந்தப் படம் உயிரோடு இருக்கும், அதனால் வானம் ஈரமாக இருக்கும்போதே விளிம்பைப் பார்த்துவிட வேண்டும்.

மேலே கறுப்பும் வெள்ளையும் மட்டும். கீழே இறங்க இறங்க அதே கலவையில் துளி சிவப்பு. கறுப்பு, வெள்ளை, சிவப்பு மூன்றும் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் வரும், மின்னல் வருவதற்கு முன் மேகத்தின் அடிவயிறு காட்டும் நிறம். சிவப்பு கொஞ்சம் கூடிவிட்டால் மேகம் கனத்தை இழந்து அந்தி வானமாகிவிடும். கத்தி நுனியில் ஒட்டுகிற அளவு போதும். காட்மியம் ரெட் பலசாலி, யெல்லோ ஆக்கர் அதன் பக்கத்தில் பலவீனம், கலக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பெயின்ட் வீணாகாது.

மேகத்தை அகலமான கத்தியால், இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக இழுத்தேன். படுக்கைவாட்டில் இழுத்தால் மேகம் ஓய்வெடுக்கும். சாய்வாக இழுத்தால் வந்துகொண்டிருக்கும். இந்த வானம் வந்துகொண்டிருக்க வேண்டும். சமவெளியில் மழை இறங்கும் இடத்தில் மட்டும் காய்ந்த அகலப் பிரஷை ஈரப் பெயின்டின் மேல் வைத்து நேர் கீழாக ஒரே இழுப்பு. அந்த இடத்தில் விளிம்பு எல்லாம் கரைந்து, வானமும் நிலமும் ஒன்றாகிவிடும். மழைத்தாரை என்று தனியாகக் கோடு எதுவும் போடவில்லை.

பாறை

இங்கே பொறுமை வேண்டும். வெயில் முகத்தை வெளிச்சமாக்க வெள்ளையைச் சேர்க்கத்தான் தோன்றும். ஆனால் டைட்டானியம் ஒயிட் எதோடு சேர்ந்தாலும் அதைக் குளிர வைக்கும். சிவப்போடு சேர்ந்தால் பல்பொடி ரோஸ். அதனால் முதலில் சிவப்பை ஆக்கரால் வெளுக்க வைத்து, ஆரஞ்சாக்கி, கடைசியில்தான் வெள்ளை. அப்போது கிடைப்பது சூடு குறையாத ஒரு தேன் நிறம். ஏழாம் படிக்கு இது போதும்.

நிழல் முகத்துக்குச் சிவப்பும் கறுப்பும், கொஞ்சம் வெள்ளை. செம்மண்ணும் ஊதாவும் கலந்த ஒரு நிறம். வெயில் முகமும் நிழல் முகமும் சந்திக்கும் கோட்டை ஒரே இடத்தில் மட்டும் கூர்மையாக வைத்தேன், தூணின் தோள்பட்டையில், மேகத்தின் மிக இருண்ட பகுதிக்கு நேர் எதிரில். கத்தியின் விளிம்பில் பெயின்டைத் தடிமனாக எடுத்து, பாறை வெடித்து நிற்கும் திசையிலேயே மேலிருந்து கீழாக அழுத்தி இழுத்தால் கத்தி விட்ட இடத்தில் ஒரு மேடு எழும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த மேட்டுக்கே தனியாக நிழல் விழும். மற்ற விளிம்புகளை எல்லாம் விரலால் லேசாகத் தட்டிக் கரைத்துவிட்டேன். எல்லா விளிம்பும் கூர்மையாக இருந்தால் கண்ணுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது.

ரங்கசாமி மலை இருளர்கள் வழிபடும் மலை. அந்தப் பாறைக்குக் கொடுக்கும் மரியாதையும் என் முடிவில் சேர்ந்திருக்கிறது. படத்தின் ஒரே சூடான இடம் வேறெங்கும் போகாமல் அங்கேயே இருக்கட்டும் என்று வைத்தேன். முன்சரிவில் ஒரு ஓட்டுக் கூரை, ஒரு சிவப்புப் புடவை என்று போட்டால் நன்றாக இருக்குமே என்று வீட்டில் சொன்னார்கள். போட்டால் பாறையின் சூட்டை அது பங்கு போட்டுக்கொள்ளும். வேண்டாம் என்றுவிட்டேன்.

பச்சையும் தூரமும்

கறுப்பையும் ஆக்கரையும் கலந்தால் பச்சை வரும் என்பது முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியம். ஆலிவ் பச்சை, கொஞ்சம் அழுக்குப் பச்சை. ட்யூபில் வரும் பச்சைகளைவிட மேகமூட்டத்தில் நிற்கும் காட்டுக்கும் தேயிலைக்கும் இதுதான் பொருந்துகிறது. முன்சரிவு முழுக்க இதுதான். அதன் நிழல்களில் கறுப்போடு சிவப்பைச் சேர்த்துச் சூடான இருட்டாக்கினேன். தூரத்து நிழல்களில் சிவப்பே இல்லை, கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த குளிர்ந்த சாம்பல் மட்டும். பக்கத்து இருட்டு சூடு, தூரத்து இருட்டு குளிர் என்ற இந்த ஒரே வேறுபாட்டில் பள்ளத்தாக்கு திறந்துகொண்டது.

சமவெளிக்கு அதிகம் சொல்ல எதுவுமில்லை. சாம்பலில் கொஞ்சம் ஆக்கர், மாயாற்றுக்கு ஒரே ஒரு வெளிர் கீற்று.

காய்ந்த பிறகு

ஐவரி பிளாக் அதிகமாக உள்ள இடங்கள் காய்ந்ததும் பளபளப்பை இழந்து மங்கி நிற்கும். எண்ணெய் கீழே உள்ள தளத்துக்குள் இறங்கிவிடுவதால் வருவது இது. ஈரத்தில் ஆழமாக இருந்த வானம் காய்ந்ததும் சிலேட்டுப் பலகையாகத் தெரிந்தால் பயந்துகொண்டு மேலே இன்னொரு கோட் பூச வேண்டாம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், லின்சீட் ஆயிலில் சம அளவு டர்பன்டைன் கலந்து, துணியில் மிகக் கொஞ்சம் எடுத்து மங்கிய இடத்தில் தேய்த்து, உடனே இன்னொரு துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஆழம் திரும்பி வரும். நிறம் சரியா தப்பா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும். குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு வரைய ஆசையாக இருக்கும், டர்பன்டைன் வாசனை போக ஒரு பக்கமாவது திறந்தே இருக்கட்டும்.

படத்தைப் போட்டோ எடுக்கும்போதும் ஒரு விஷயம். கேமரா தானாக நிறத்தைச் சமன் செய்யும் அமைப்பில் இருந்தால், ஆரஞ்சைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் நீலத்தின் பக்கம் தள்ளிவிடும். பகல் வெளிச்ச அமைப்பில் நிறுத்திவிட்டு எடுத்தால்தான் படம் படமாக வரும். ஹாலில் எந்த பல்பின் கீழ் மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். மஞ்சள் எல்இடியில் பாறை இன்னும் பழுக்கும், ஆனால் சாம்பலும் பழுப்பேறி வானத்தின் குளிர் குறையும். பகல் வெள்ளை பல்பில் இரண்டும் சண்டை போடாமல் நிற்கின்றன. அதனால் ஹாலில் அந்த ஒரு பல்பை மாற்றினேன். வார்னிஷ் இப்போதைக்கு இல்லை. தடிமனான பாறைப் பகுதி உள்ளே வரை காய ஆறு மாதமாவது ஆகும், கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது இதே நான்கு ட்யூபில் மேற்குப் பக்கம், ஆடி மாதத்துக் கூடலூர். அங்கே சூடான பாறை கிடைக்காது, பனிமூட்டம் எல்லாவற்றையும் வெளுத்துவிடும். ஆரஞ்சு இல்லாத இடத்தில் சாம்பலுக்கு யார் குளிர் கொடுப்பது? அதற்கான அட்டைகளை இப்போதே பூசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆக்கரும் வெள்ளையும் கலந்த வெளிர்மஞ்சள் தளத்தில் அதே சாம்பல் லேசாக ஊதாவின் பக்கம் சாய்கிறது. ஆடிப் பனிக்கு அந்த ஊதா சரியாக வரும் என்றுதான் நினைக்கிறேன்.